பன்னிரண்டு மணிச் சேகண்டி

பகல் பன்னிரண்டு மணி. மலாக்காவில், காஜா பெராங்கிலிருந்து கல்லுமலைக்குப் போகிற செம்மண் பாதை. ஈ காக்கை இல்லை...

பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? விளக்கைக் கொஞ்சம் தணித்துவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். இது என் கூட்டாளி தியாகுவின் தாய்மாமன் கருணாகரனுக்கு நடந்தது. ஜப்பான்காரன் காலம். அவர் கல் உடைக்கிற கம்பெனியில் கிராணி, அதாவது கணக்கும் கடுதாசியும் எழுதுகிறவர். பொய்யே பேசாத உத்தமர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பொய் எழுதினார். ஒன்றே ஒன்றுதான்.

அன்றைக்கு அந்தப் பாதையில் அவர் போனது சுப்பையன் என்ற ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க. காரணத்தைக் கேளுங்கள்.

மலையடியில் பன்னிரண்டு வீடுகள். வெள்ளைக்காரன் காலத்தில் மலையில் கம்பெனி வைத்த வெடியில் ஒரு கல் பறந்து வந்து ஒரு கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஜனங்கள் கம்பெனி வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்து ஒரு வழக்கத்தை வாங்கினார்கள். வெடிக்கு முன்னால் ஒரு ஆள் சேகண்டியைத் தட்டிக்கொண்டு பன்னிரண்டு வீட்டையும் மூன்று முறை சுற்றி வரவேண்டும். எல்லாரும் சாலைக்கு வந்துவிட வேண்டும். மூன்றாவது சுற்றில், வராதவர்களை வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கடைசி ஆள் வந்த பிறகுதான் மலைக்குக் கொடி காட்டலாம். சாவு வீட்டில் தட்டுகிற சாமான் ஆயிற்றே என்று பெண்கள் முதலில் முகம் சுளித்தார்கள். ஆனால் அதன் சத்தம் கிணற்றடி வரைக்கும் கேட்கும். பத்து வருஷம் அதைத் தட்டியவன் சுப்பையன்.

ஜப்பான்காரன் வந்ததும் மலையை மூடினார்கள். ஒரு வருஷம் கழித்து விமானத் திடலுக்குக் கல் வேண்டும் என்று திறந்தார்கள். கம்பெனி கைமாறியிருந்தது. புது மேனேஜர் நம்ம ஆள்தான், அதுதான் வயிற்றெரிச்சல். பட்டாளத்துக்காரர்கள் பித்தளையும் இரும்பும் சேர்க்கிறார்கள் என்றதும், நல்ல பேர் வாங்க அந்தச் சேகண்டியையும் தூக்கிக் கொடுத்துவிட்டான். அதில் சீட்டு எழுதிக் கட்டி அனுப்பியது கருணாகரன். சுப்பையனைக் கல் உடைக்க அனுப்பினார்கள். பன்னிரண்டு மணிக்குத்தான் வெடி, அது ஊருக்கே தெரியும், அப்புறம் எதற்குச் சேகண்டி என்பது மேனேஜரின் நியாயம்.

தெரியும்தான். எந்தப் பன்னிரண்டு? கடிகாரத்தையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் முந்தி. அந்த வீடுகளில் கடிகாரம் ஏது? மலை திறந்து முதல் வெடி. அதில் ஒரு வீட்டுக்காரி பொன்னம்மா கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்பு கிடைக்காத காலம், சாம்பல் தண்ணீரில்தான் துவைப்பு. தன் நிழலைப் பார்த்தாள். நீளமாகத்தான் கிடந்தது. சேகண்டியும் கேட்கவில்லை. வெடிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அடுத்த துணியை எடுத்தாள்...

அந்தத் துணியை அவள் பிழியவில்லை.

பட்டாளத்து ஆபீஸ் அறிக்கை கேட்டது. கம்பெனியின் தப்பு என்றால் அவள் குடும்பத்துக்கு அரிசி கொடுக்க வேண்டும், சேகண்டியும் திரும்ப வைக்க வேண்டும். மேனேஜர் கருணாகரனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"மூணு சுத்தும் அடிச்சாச்சுன்னு எழுது. சயாம் ரயில் ரோட்டுக்கு ஆள் பத்தலையாம், என்கிட்ட பேர் கேக்குறாங்க."

சயாமுக்கு லாரி ஏறியவர்கள் திரும்பி வருவது அபூர்வம், கருணாகரனுக்கு அப்போது கைக்குழந்தை. எழுதினார். மூன்று சுற்றும் சேகண்டி அடிக்கப்பட்டது, இறந்தவர் வரவில்லை. பொன்னம்மாவின் புருஷன் கலியாணசுந்தரம் அரிசிக்காக இரண்டு தரம் வந்து நின்றான், கையை விரித்துவிட்டார்கள். நாலு வயசு மகள் சீதாவைத் தூக்கிக்கொண்டு கிளேபாங்கிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான்.

அவன் போன மறுநாள் பன்னிரண்டு மணிக்கு... தோக்கியோ பன்னிரண்டுக்கு... மலையடியில் சேகண்டி கேட்டது.

ஜனங்கள் பழக்கத்தில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு சாலைக்கு ஓடிவந்தார்கள். மூன்று சுற்று. அப்புறம் வெடி. அதற்கு அடுத்த நாளும். தினமும். கருணாகரனைக் கண்டால் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அவர் சுப்பையனைச் சந்தேகப்பட்டார். எங்கேயோ ஒரு தட்டை ஒளித்து வைத்துக்கொண்டு தன்னை மாட்டிவிடப் பார்க்கிறான் என்று. பிறகு கலியாணசுந்தரத்தைச் சந்தேகப்பட்டார். பிறகு, மேனேஜரே தன்னைச் சோதிக்க ஆள் வைத்திருக்கிறானோ என்று. அந்தக் காலத்தில் நாய் குரைத்தால்கூட யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். சுப்பையனைத் தனியாக மடக்கிக் கேட்டார். அவன் கல் உடைத்த கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"என்கிட்ட ஏதுங்க சேகண்டி? நீங்கதானே சீட்டுக் கட்டி அனுப்புனீங்க."

அதனால்தான் அந்த நடை. அன்றைக்கு வெடி கிடையாது. வெடிக்கணக்கு அவர் கையில்தானே இருக்கிறது, அவருக்குத் தெரியாதா? காலியாகக் கிடந்த பொன்னம்மா வீட்டுக்குள் புகுந்து, பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். வாசலைத் தாண்டாமல் யாரும் சுற்ற முடியாது. இன்றைக்கு மாட்டினான் என்று நினைத்தார்.

ணங்... ணங்...

முதல் சுற்று. வீட்டுக்குப் பின்னால் ஆரம்பித்து வாசல் பக்கம் வந்தது. பார்த்தார். வெயில்தான் இருந்தது. ஒரு ஆளும் இல்லை.

இரண்டாவது சுற்று. சத்தம் அவர் கண்ணுக்கு நேராகக் கடந்துபோனது. கூடவே ஒரு வாடை. ஈரத்துணி... சாம்பல் தண்ணீர். பலகை அதிர்ந்தது அவர் நெற்றியில் தெரிந்தது. தூரத்தில் சாலையில் ஜனங்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் நடுவில் சுப்பையன் குந்தியிருந்தான். இரண்டு கையும் முழங்கால் மேல். வெறுங்கை.

அப்படியானால் இது யார்?

மூன்றாவது சுற்று. சத்தம் மெதுவாக வந்தது... வாசலில் வந்து நின்றது. பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டுகிற சத்தம். குனிந்து துவைத்து நிமிர்ந்தவள் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு மூச்சு.

"கருணாகரன்... வெளிய வாங்க."

அந்தப் பன்னிரண்டு வீட்டில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. எல்லாருக்கும் அவர் கிராணியார்தான். செருப்பை விட்டார், தொப்பியை விட்டார், பின்பக்கமாக விழுந்தடித்து ஓடினார். சாலையைத் தொட்டதும் மலை வெடித்தது. ஆள் உயரக் கல் ஒன்று வந்து பொன்னம்மா வீட்டுக் கூரைக்குள் இறங்கியது. அவர் நின்றிருந்த இடத்தில்.

சுப்பையன் எழுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினான்.

"மூணாவது சுத்துங்க. எல்லாரும் வந்தாச்சு," என்றான்.

வெடி இல்லாத நாளில் வெடி வைக்கச் சொன்னது யார்? மேனேஜர் அவரைப் பார்த்து, நீ அங்கேயா இருந்தாய் என்று மட்டும் கேட்டான். ஆச்சரியப்பட்டுக் கேட்டானா, ஏமாந்துபோய்க் கேட்டானா என்பது கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலமே புது அறிக்கை எழுதினார். சேகண்டி அடிக்கப்படவில்லை, அடிக்கக் கம்பெனியிடம் சேகண்டியே இல்லை, அதில் கட்டிய சீட்டு என் கையெழுத்து. தானே கொண்டுபோய்ப் பட்டாளத்து ஆபீஸில் கொடுத்தார். பத்து நாளில் கிளேபாங்கில் சீதாவுக்கு அரிசி போய்ச் சேர்ந்தது. சுப்பையன் கையில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கொடுத்துப் பழையபடி சுற்றவிட்டார்கள். அந்தப் பகல் சேகண்டி நின்றுபோனது.

கருணாகரன் பேர் சயாம் லாரிப் பட்டியலில் ஏறியது. எழுதும்போதே அவருக்குத் தெரியும்.

சண்டை முடிந்து, பாதி ஆளாகத் திரும்பி வந்தார். மலாக்கா ஆற்றோரம் ஜப்பான்காரன் பித்தளை குவித்த கிடங்கைத் திறந்து கணக்கெடுக்க ஆள் தேடினார்கள். இவர் போனார். சேர்த்த வருஷமே பூட்டிய பூட்டு. திறவுகோல் சுற்றவில்லை, உடைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே மூச்சு முட்டுகிற புழுதி. குத்துவிளக்கு, குடம், தாம்பாளம்... எல்லாம் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன.

அடியில் அந்தச் சேகண்டி. கயிற்றில் அவர் கையெழுத்துச் சீட்டு அப்படியே இருந்தது.

விளிம்பெல்லாம் களிம்பு. நடுவில் மட்டும், கட்டை படுகிற இடத்தில், ஒரு உள்ளங்கை அகலம்... பளபளவென்று இருந்தது. தினமும் தட்டுகிற சேகண்டி மாதிரி.

சீட்டை அவிழ்க்கக் கயிற்றைப் பிடித்தார். ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

சாம்பல் தண்ணீர்.