தரைக்குத் தலைக்குளியல்

இன்சீன் போகும் சுற்று ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் புளிச்சக்கீரைக் கட்டு. இளையவள் கன்னத்தில் பர்மியப் பெண்கள் பூசும் தனாக்காப் பட்டைச் சாந்து. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைத் திரும்ப வைத்தது இளையவள் சொன்னதுதான்.

“நேத்து எங்க வீட்டுத் தரைக்குத் தலைக்கு ஊத்திவிட்டேன், அக்கா.”

“தரைக்கா?”

“ஆமா. தலை முழுகுறோமே, அந்தத் தயோ கின்புன்தான். பாட்டில் மருந்து போட்டுத் துடைச்சா கண்ணு எரியுது. புள்ள வேற தவழ ஆரம்பிச்சிருச்சு. தரையைத் தொட்ட கை நேரா வாய்க்குத்தான் போவுது. அதான் பஜார்ல ரெண்டு பை வாங்கியாந்து ஊத்திட்டேன்.”

“அது மரப்பட்டைச் சாறாச்சே. கால வச்சா வழுக்குமேடி.”

“அதை அவருகிட்ட யாரு சொன்னா? வேலை முடிஞ்சு வந்து வாசல்ல கால வச்சாரு. நேரா சாமி படத்துக்கு முன்னால போயி நெடுஞ்சாண்கிடையா விழுந்தாரு. பொங்கலுக்குக்கூடக் கும்பிடாத மனுஷன், அக்கா.”

“அய்யய்யோ, அடி பட்டுச்சா?”

“முட்டி லேசா வீங்கியிருக்கு. மாமியார்தான், மகனுக்கு பக்தி வந்துருச்சுன்னு கற்பூரம் ஏத்திட்டாங்க.”

மூத்தவர் கீரைக்கட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப இனிமே பழைய மருந்துதானா?”

“எதுக்கு? அதே தரையில புள்ள நல்லாத்தானே தவழுது? அவரும் தவழட்டும்.”