இடம் மாறின கோட்டை

அட, உக்காருங்க தம்பி, யாராவது டிக்கெட் கேட்டு வந்தா எந்திரிச்சுக்கலாம். இந்த வெயில்ல எவன் வரப்போறான். எங்க விட்டேன்... ஆங், இதே கலங்கரை விளக்கத்துல அஞ்சு வருஷம் விளக்கேத்தினவன் நான். அப்ப நீங்க பொறக்கவே இல்ல. ஒரு நாள் எண்ணெய் தீந்துபோச்சு, கப்பல் ஒண்ணு நேரா பாறையப் பாத்து வருது. என்ன பண்ணேன்னு நெனைக்கிறீங்க? வழுக்கைத் தலையில தேங்காயெண்ணெயத் தடவிக்கிட்டு நிலா வெளிச்சத்துல இப்படியும் அப்படியும் திருப்பினேன். கப்பல் மரியாதையா ஒதுங்கிப் போயிடுச்சு. ஆமா, எனக்கு சின்ன வயசுலயே வழுக்கை.

அதோ தெரியுதே, அந்தக் கோட்டையும் அப்ப விளக்குக்கு இடது பக்கம்தான் இருந்துச்சு. ஒரு புயல்ல நகந்து வலது பக்கம் வந்து உக்காந்துக்கிச்சு. பாருங்க, நீங்களே தலையாட்டுறீங்க. விவரம் தெரிஞ்ச ஆளு.

உச்சியில பச்சைப் புடவை கையாட்டுது பாத்தீங்களா? நம்ம வீட்டுக்காரிதான். நான் ஏன் ஏறலையா? முட்டி வலி தம்பி. சரி, உங்ககிட்ட என்ன மறைக்கிறது, முட்டிக்கு ஒண்ணுமில்ல. உயரம்னா எனக்கு உதறல். வீட்டுல ஸ்டூல் போட்டு ஏறி பல்பு மாட்டுறதே அவதான்.

அவ இறங்குறதுக்குள்ள சொல்லிடறேன். நான் தையக்காரன். மெஷினுக்கு மேல ஒரு காலண்டர், அதுல இந்த ஊர்ப் படம், விளக்கும் கோட்டையுமா. ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்தவ, இது எந்த ஊருன்னு கேட்டா. வாய் சும்மா இருந்துச்சா? அங்க விளக்கேத்தினதே நான்தான்னுட்டேன். ரெண்டு நல்ல சம்பந்தத்தத் தட்டிக் கழிச்சுட்டு என்னக் கட்டிக்கிட்டா. நாப்பத்திரண்டு வருஷமாச்சு. கடலை நான் கண்ணால பாத்ததே இன்னிக்குக் காலையிலதான்.

காலண்டர் அச்சடிச்ச புண்ணியவான் படத்த இட வலமா மாத்திப் போட்டுத் தொலைச்சிருக்கான். வா கோட்டையக் காட்டுறேன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு இடது பக்கம் கூட்டிட்டுப் போறேன், அங்க ஐஸ் ஃபேக்டரி. அந்தப் புயல் அங்க நின்ன நிலையில பொறந்ததுதான்.

ஒரே ஒரு உதவி தம்பி. அவ வந்ததும் எந்திரிச்சு நின்னு, ஐயா, உங்களப் பத்தி எங்கப்பா நெறைய சொல்லியிருக்காருன்னு ஒரு சல்யூட் வைங்க. என் மானமே அதுலதான் தொங்குது.

ஏன் சிரிக்கிறீங்க?

டிக்கெட் வாங்கும்போதேவா? அவளேவா? வழுக்கைத் தலை ஒண்ணு வந்து அளக்கும், எல்லாத்துக்கும் தலையாட்டுங்கன்னு சொன்னாளா? அதான் கோட்டை நகந்ததுக்கே தலையாட்டினீங்களா. சல்யூட்டும் வைக்கச் சொல்லியிருக்காளா?

எப்பத் தெரிஞ்சுதாம் அவளுக்கு... முதல் பல்பு மாட்டினப்பவேவா?

படியில செருப்புச் சத்தம் கேக்குது, எந்திரிங்க. நான் கேட்டத அவகிட்ட மூச்சு விடாதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே இருக்கட்டும். சல்யூட்ட மட்டும் நல்லா விறைப்பா வைங்க தம்பி. பாவம், நாப்பத்திரண்டு வருஷமா தலையாட்டினவ.