மரக்கட்டையின் கன்னம்

ஹலோ… ஹலோ… யாரு? …கொஞ்சம் சத்தமா பேசுங்க. தலையில டை அடிச்சிருக்கு, போனை காதுல வைக்க முடியாது, எட்டப் பிடிச்சுக்கிட்டு பேசறேன். …ஆமா, ஆமா, நடிகர் வீடுதான். நான்தான். இந்த வீட்டுல வேற யாரு நடிக்கிறா?

…யாரோட மாப்ளை? …ஓ! நம்ம டைரக்டர் சாரோட மாப்ளையா! சொல்லுங்க தம்பி. …பார்த்தேன், பார்த்தேன். எங்க தெரு முனையில கூட ஒட்டியிருக்கீங்க. மாமனார் மூஞ்சிய அவ்வளவு பெருசா போட்டா குழந்தைங்க சோறு திங்க வேண்டாமா? …சும்மா சொன்னேன் தம்பி. சிரிங்க.

…ம். …ம். பாராட்டு விழா. …அவரு கையால நடிகனானவங்க எல்லாரும் மேடையில. …ஆமா, ஆமா, அதுல நான்தான் மொத ஆளு. …நான் என்ன செய்யணும்?

…எது?

…இன்னொரு வாட்டி சொல்லுங்க.

…மேடையில… அவரு என்னை… அறையணுமா! …மெதுவா. சும்மா தொடற மாதிரி. உடனே நான் அழணும். கூட்டம் எழுந்து நின்னு கை தட்டும். …அடடடா. யாரு மூளை தம்பி இது? …உங்களுதா. அதானே பார்த்தேன். பத்திரமா வெச்சுக்கோங்க.

…என்னடி? …இல்ல, ராங் நம்பர் இல்ல. டைரக்டர் வீட்டு மாப்ளை. என் கன்னம் வாடகைக்குக் கிடைக்குமான்னு கேக்கறாரு. …நீ உள்ள போ, நான் பேசிக்கறேன்.

…இருங்க தம்பி, ஓடாதீங்க. அந்தக் கதைய உங்களுக்கு யாரு சொன்னா? …எல்லாருக்கும் தெரியுமா. சரி, சொல்லுங்க, நானும் கேக்கறேன். …ஆமா, கும்பல்ல ஒருத்தனா நின்னுக்கிட்டிருந்தேன். …ஆமா, கூப்பிட்டு வேஷம் கொடுத்தாரு. …ஆமா, 'மரக்கட்டை'ன்னுதான் கூப்பிடுவாரு. சாப்பாடு போடறவரு கூட 'மரக்கட்டை, இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா'ன்னுதான் கேப்பாரு. …ம். …எனக்கு அழுகை வரல. ஓங்கி ஒண்ணு விட்டாரு. மரக்கட்டை அழுதுச்சு. அப்படியே எடுத்துட்டாரு. …மூச்சு வாங்கிக்கோங்க தம்பி. மாமனார் மாதிரியே உங்களுக்கும் பொய் வழுக்கிக்கிட்டு வருது.

…பொய்ன்னுதான் சொன்னேன்.

…அந்தப் படம் பார்த்திருக்கீங்களா? …பல வாட்டி. சரி. நான் அழற க்ளோசப்ல எந்தக் கன்னம் தெரியும்? …இடது. சபாஷ். எதிர்ல நிக்கறவன் சோத்துக் கையால விட்டா எந்தக் கன்னத்துல விழும்? …இடது. ரெண்டாவது சபாஷ். அந்தக் கன்னத்துல என்ன இருக்கு? …ஒண்ணும் இல்ல. அதான் தம்பி, ஒண்ணுமே இல்ல! உங்க மாமனார் கை என்ன பஞ்சா? நாலு விரலும் அச்சடிச்ச மாதிரி கெடந்துச்சு. மேக்கப்மேன் பவுடரை அப்பினாரு, அப்பினாரு, மறையவே இல்ல. 'இந்த மூஞ்சிய வெச்சு எடுக்க முடியாது'ன்னு கேமராமேன் லைட்டை அணைச்சுட்டாரு. பேக்கப். மறுநாள் அந்த செட்டையே பிரிச்சாச்சு. அறைக்கு அப்புறம் ஷாட்டே எடுக்கல! படத்துல இருக்கறது அதுக்கு முன்னாடி எடுத்தது. இத்தனை வருஷமா ஊரே பார்க்குது, ஒருத்தனுக்காவது கண்ணு இருக்கா?

…அப்ப எப்படி அழுதேனா? இப்பதான் கேக்கத் தோணுது, இல்ல? …சீன்ல அம்மா செத்துப் போயிருப்பாங்க. அம்மாவா படுத்திருந்தது ஒரு துணை நடிகை. போர்வை பத்தல, பாதம் வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. குதிகால் பூரா வெடிப்பு. எங்கம்மாவுக்கும் அப்படியேதான். பார்த்தேன், பொங்கிக்கிட்டு வந்துருச்சு. என்னை யாரும் தொடல தம்பி. …அழுது முடிச்சு நிமிர்ந்தா, உங்க மாமனார் நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டு, 'பொய்யா இருக்கு. ஒன் மோர்.' அவரு வாயில வேற வார்த்தையே கெடையாது. யாரு உசிரக் கொடுத்து நடிச்சாலும் 'பொய்யா இருக்கு, ஒன் மோர்.' மறுபடி அழுன்னா எங்கேருந்து வரும்? வரல. எழுந்து வந்தாரு, விட்டாரு. அவ்வளவுதான் அந்த மாபெரும் கலை.

…ஆமா, நானும் சிரிச்சேன். மேடைக்கு மேடை அவரு சொல்ல, பக்கத்துல உக்காந்து பல்லைக் காட்டினேன். அடுத்த படம் வேணும்ல. …இப்ப மட்டும் என்ன வந்துச்சா? இப்ப…

எங்கம்மா அந்தக் கதைய பத்திரிகையில படிச்சுட்டா தம்பி. 'ரொம்ப வலிச்சுதாடா'ன்னு கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தா. படம் நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு, நான் வாயைத் திறக்கல. சாகற வரைக்கும் அந்த ஆளைத் திட்டிக்கிட்டே இருந்தா. 'எம் புள்ளைய அடிச்சு அழ வெச்சுட்டான்'னு. நான் அழுதது அவளுக்காக. அது அவளுக்கே தெரியாம போயிட்டா. புரியுதா உங்களுக்கு? …புரியாது. விடுங்க.

…என்னது? …பக்கத்துலதான் இருக்காரா! ஸ்பீக்கர்லயா போட்டு வெச்சிருக்கீங்க! …ரொம்ப நல்ல குடும்பம். கொடுங்க. …கொடுங்கன்னேன்ல.

…வணக்கம் சார். …ஆமா, மரக்கட்டைதான். …எல்லாம் கேட்டீங்களா. நல்லது, திரும்பச் சொல்ற வேலை மிச்சம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. படத்துல இருக்கறது எந்த டேக்? …வயசாச்சு, ஞாபகம் இல்ல. ஓஹோ. போன வாரம் டிவியில என் சட்டைக் கலர் வரைக்கும் சொன்னீங்களே. …எந்த டேக் சார்?

…மொத டேக்.

…அப்ப உங்களுக்கே தெரியும். …எடிட்டிங் ரூம்ல பார்த்த அன்னிக்கே தெரியும்! …'சொல்றதுக்கு அறைதான் நல்லா இருந்துச்சு.' ஆஹா. பிரமாதம் சார். உங்களைப் போய் நான் இவ்வளவு நாளா மடையன்னு நெனச்சுட்டேன். மடையனா இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன்.

…வரேன் சார். …நெசமாத்தான், விழாவுக்கு வரேன். நீங்க அறைய வேண்டாம். மைக்கைப் பிடிச்சு ஒரே வரி சொல்லுங்க. 'அது மொத டேக். நான் அறையறதுக்கு முன்னாடியே இவன் அழுதான். இவன் அம்மாவை நெனச்சு அழுதான்.' அவ்வளவுதான். …ஏன் முடியாது? …மானம் போயிடுமா! அது எப்ப சார் வந்துச்சு உங்களுக்கு?

…ம். …ம். …ஆமா, ஆமா, வாழ்க்கை கொடுத்தீங்க. …ஆமா, நீங்க இல்லைன்னா நான் இன்னும் கும்பல்லதான். …ம்.

…சார்? …என்ன சத்தம் அது? …அழறீங்களா?

…இருங்க. இருங்க. …அடியே, அந்தத் துண்டை எடு. …போன்ல டை ஒட்டினா ஒட்டட்டும், இதை நான் காதுல வெச்சே கேக்கணும். …ம். …ம்ம். …ம்ம்ம்.

…பொய்யா இருக்கு சார். ஒன் மோர்.

…ஹலோ?