மிளகின் மேல் குற்றமில்லை

எங்கள் வீட்டு முன்னறையில் மொத்தமே மூன்று நாற்காலிகள்தான் என்பதால், கருமாதி முடிந்த அன்று யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்வதில் எனக்குச் சிரமமில்லை. கதவோர நாற்காலியில் அண்ணியின் அண்ணன் சின்னுசாமி. ஜன்னலோரம் எங்கள் அத்தை ராமாயி. அண்ணி அம்சவேணி கீழே பாயில், சுவரில் சாய்ந்து. நான் காப்பிக்கொட்டை மூட்டைமேல். மூன்றாவது நாற்காலி, இறந்துபோன என் அண்ணன் அண்ணாமலையுடையது. அதில் மிளகு உட்கார்ந்திருந்தது. மிளகு என்பது நான் வளர்க்கும் பூனை. கறுப்பு. இன்ஸ்பெக்டர் ஐயா அதை இன்னும் பார்த்ததில்லை என்பதால் குறிப்பிடுகிறேன்.

அன்று விசாரிக்கப்பட்டதும் மிளகுதான்.

"பூனைக்குச் சக்கரை பாத்த மிஷின்லயே மனுசனுக்கும் பாத்தா என்னாகும்? பூனையோட சக்கரை அப்படியே அவன்மேல பாஞ்சிருச்சு" என்றார் அத்தை.

"செத்தவரு நாற்காலில ஏறி உக்காந்திருக்கறதைப் பாருங்க. கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்குதுங்களா அதுக்கு?" என்று அண்ணி அழுதார்.

சின்னுசாமி காரியத்தை முடித்துப் பேசுகிறவர். "ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுக்கு நான் கீழ போறேன். சாக்குல கட்டிக் குடுங்க மாப்பிள்ளை, அடிவாரத்துல காட்டோரமா உட்டர்றேன்."

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் பள்ளிக்கூடத்தில் பழக்கவில்லை. ஆனால் சாக்கில் போகிற பூனைக்கு அங்கே யார் இன்சுலின் போடுவார்கள்? ஒரு வாரம் தாங்காது. செய்யாத குற்றத்துக்கு ஒரு ஜீவன் சாகக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் மிளகு தண்ணீர்ச் சட்டியே கதியென்று கிடந்து மெலிந்தது. நாமக்கல்லில் கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை என்றார். அண்ணனுக்கும் நெடுநாளாக அதே வியாதி. வீட்டில் ரத்தம் பார்க்கிற மிஷின் இருந்தது. அதில் சொருகும் ஸ்ட்ரிப் இரண்டு டப்பா. ஒன்று புதிது, ஒன்று தேதி முடிந்தது. அண்ணன்தான் பங்கு பிரித்தார்.

"புதுசு எனக்கு, பழசு உன்ற பூனைக்கு. அதென்னடா காலண்டரா பாக்கப்போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மழைக்காலத்தில் எங்கள் ஆலத்தூர் நாட்டு மலைப்பக்கம் கொடியில் போட்ட துணியே காயாது. ஈரம் ஏறிய அந்தப் பழைய ஸ்ட்ரிப்புகள் எப்போதும் உள்ளதைவிடக் கூட்டியே காட்டின. எண் ஏறினால் மருந்தை ஏற்று என்று டாக்டர் அட்டையில் எழுதித் தந்திருந்தார். ஏற்றினேன். ஒரு மத்தியானம் மிளகு விழுந்து, காலை வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தபடி மலைத்தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினேன். சற்று நேரத்தில் கண் திறந்து விரலைக் கடித்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

டாக்டர் போனில் சத்தம் போட்டார். "தேதி போன ஸ்ட்ரிப்பை நம்பி ஊசி போடறது, கண்ணைக் கட்டிக்கிட்டு கொண்டை ஊசி வளைவுல பஸ் ஓட்டற மாதிரிங்க. உள்ள சக்கரை எறங்கிக் கெடக்கும், நீங்க மேல மேல மருந்தை ஏத்துவீங்க. உசுரு போயிரும். தூக்கி எறிங்க."

ஒரு பொருளைத் தூக்கி எறிகிற பழக்கம் எனக்கில்லை. அன்றைக்கே இரண்டு டப்பாவிலும் இருந்ததை இடம் மாற்றி வைத்தேன். அண்ணன் மேல் கோபம் ஒன்றுமில்லை. நியாயமாகத்தான் யோசித்தேன். மிளகு ஒரு கைப்பிடி உடம்பு. அண்ணன் ஆள் பாரமானவர், கொஞ்சம் முன்பின் ஆனாலும் தாங்குவார். மிளகுக்கு வாயில்லை. அண்ணனுக்கு இருந்தது, அது ஊருக்கே தெரியும்.

அண்ணனின் எண்கள் ஏறத் தொடங்கின. அவரும் தன் அட்டையைப் பார்த்து மருந்தை ஏற்றிக்கொண்டார். தன் கையால்தான் போட்டுக்கொண்டார், அவர் ஊசியை நான் தொட்டதில்லை. இதை ஐயா தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அதேசமயம் மிளகின் எண்கள் ஒழுங்குக்கு வந்தன. ரோமம் எண்ணெய் தேய்த்தது போல மினுத்தது. வீட்டுக்கு நல்ல காலம் என்றே நினைத்தேன்.

"டேய் சென்றாயா, கை எப்படி ஆடுது பாரு. வேர்த்து ஊத்துது. சக்கரை ஏறிப்போச்சாட்ட இருக்குது" என்பார் அண்ணன்.

"ஏறித்தானுங்கண்ணா இருக்குது" என்பேன். மிஷினில் அப்படித்தான் இருந்தது. நான் பொய் சொல்கிறவன் இல்லை. அண்ணி அவருக்குக் காப்பியில் போடும் அரைக்கரண்டி வெல்லத்தையும் நிறுத்தினார்.

சென்ற மாதம் ஒரு காலை, அண்ணி கோயிலுக்குப் போயிருந்தபோது, அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்தார். கண் செருகிக் காலை இழுத்தது. நான் ஏற்கெனவே பார்த்திருந்ததுதான், அதனால் பதறவில்லை. தேன் பாட்டில் எட்டும் தூரத்தில் இருந்தது. அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அடுத்த தேன் வரச் சித்திரை ஆகும். அதுவரை மிளகுக்கு ஒரு அவசரம் வந்தால் நான் எங்கே போவேன்? மூடியை இறுக்கி, பாட்டிலை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பிறகு அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் அடங்கும்வரை விசிறிக்கொண்டிருந்தேன். வேர்வையையும் துடைத்துவிட்டேன். அவரைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே ஸ்ட்ரிப்பை மாற்றியது நான். தேனை எடுத்து வைத்ததும் நான். மிளகு அந்த நேரம் பரண்மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

ஐயா ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிட வேண்டும். நான் குளித்துத் தயாராக இருப்பேன். ஸ்டேஷனில் கை நடுங்காத போலீஸ்காரர் ஒருவர் இருந்தால், மிளகுக்கு ரத்தம் பார்க்கக் காது ஓரத்தில் எப்படிக் குத்துவது என்று வழியிலேயே சொல்லித் தருகிறேன். என்னை ஜீப்பில் பின்னால் ஏற்றினாலும், மிளகை முன் சீட்டில் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். வளைவுகளில் அதற்கு வாந்தி வரும்.

இப்படிக்கு,
சென்றாயன்

(உறையின் பின்பக்கம்)

சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய பிறகு நினைவு வந்ததால் இங்கே எழுதுகிறேன். தபாலில் போட்டால் திங்கட்கிழமை ஆகிவிடும் என்று, ஸ்டேஷனில் சேர்க்கச் சொல்லி, செம்மேடு போகும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்தவுடன் பிரிக்கவும். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.