கோபத்துக்கு விலாசம் எழுதியவன்

பல்குத்தும் குச்சியில் செருகி, நின்றபடியே வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய எதுவும் லஞ்சம் ஆகாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. வாஷிங்டனில் எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விதி. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற, உறுப்பினர் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, தட்டும் முள்கரண்டியும் கொடுத்துச் சாப்பாடு போட்டால் குற்றம். அதே மாட்டிறைச்சியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக் குச்சி செருகிவிட்டால் உபசாரம். கம்பெனிகளிடம் காசு வாங்கிக்கொண்டு சட்டம் போடுகிறவர்கள் மனதைத் திருப்புவதுதான் லாபி வேலை; அதில் முப்பத்தாறு வருடத்தில் நான் குச்சி செருகிய மாடுகளை வரிசையாக நிறுத்தினால் முதல் மாட்டின் மூக்கு கனடாவில் இருக்கும், கடைசி மாட்டின் வால் டெக்சாஸில் ஆடிக்கொண்டிருக்கும். ட்வைட் லான்கம் என்றொரு உறுப்பினர் இருந்தார். இரண்டு வருடப் பதவிக்காலம் முழுவதும் மனிதர் எங்கும் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அவர் மனைவி வீட்டில் நாற்காலியைக் காட்டி, "இது என்ன சாமான்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்பாராம்.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், மிஸ் டஃபோயா, நீங்கள் விசாரணைக் குழுவிலிருந்து இவ்வளவு தூரம் காரோட்டி வந்திருக்கிறீர்கள். ஏதோ சட்டத்தை மீறியவனைப் பார்க்க வந்ததாக நினைத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. நான் விதிகளை மதிப்பவன். என் வக்கீல் வாயைத் திறக்கவே கூடாது என்றான். அவனுக்குத் தூண்டிலைக் கொடுத்து ஆற்றுப் பக்கம் அனுப்பியிருக்கிறேன். மீன் அவனிடம் மாட்டப்போவதில்லை, ஆகையால் நமக்கு நிறைய நேரம் இருக்கிறது. பதிவுக் கருவி ஓடட்டும். என் பெயர் வெண்டல் கிராம்ப்டன், வயது எழுபத்து நான்கு, ரத்த அழுத்தம் தவிர வேறு குறை இல்லை.

மேற்கு வர்ஜீனியாவில் டாகெட் ஓடை என்றொரு பள்ளத்தாக்கு. நூற்று நாற்பது குடும்பங்கள். அதற்கு மேலே மலை இடுக்கில் ஒரு குளம். நிலக்கரியைக் கழுவிய பிறகு மிஞ்சும் கறுப்புச் சேறும் தண்ணீரும் நாற்பது வருடமாக அதில் தேங்கி நின்றன. தடுத்து நின்றது ஒரு மண்கரை. குளம் எந்தக் கம்பெனியுடையது என்று நான் சொல்ல முடியாது. ரகசியம் காப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சொன்ன வார்த்தை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அந்த வருடம் காங்கிரஸில் ஒரு மசோதா வந்தது. இப்படிப்பட்ட பழைய குளங்களையெல்லாம் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத பொறியாளர்கள் நேரில் வந்து சோதிக்க வேண்டும்; கரை பலவீனமாக இருந்தால் குளத்தை வடிக்க வேண்டும். கம்பெனிக்கு அந்த மசோதா சாக வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள்.

மசோதாவைக் கொல்வதற்குப் பழைய வழிகள் பல உண்டு. ஆனால் காலம் மாறியிருந்தது. நாடு முழுக்க ஜனங்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுப் போட்டவன் வந்து சொன்னால் உறுப்பினர்கள் பயந்தார்கள்; கோட்டுப் போடாதவன் வந்து கத்தினால் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள். எனவே நான் கோட்டைக் கழற்றினேன். ஓய்வுபெற்ற சமூகவியல் வாத்தியார் என்று சொல்லிக்கொண்டு டாகெட் ஓடைக்குப் போனேன். அதில் பொய் இல்லை. இளம்வயதில் பதினொரு வாரம் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஓய்வு அவர்கள் கொடுத்தது.

அங்கேதான் டெல்ஃபா ஸ்டம்போ. ஐம்பத்தெட்டு வயது, பள்ளிக்கூடச் சமையற்காரி. குரல் என்றால் குரல்; முந்நூறு பிள்ளைகள் தட்டைத் தட்டும் சத்தத்துக்கு மேலே "வரிசையில நில்லுடா" என்றால் மூன்று மலை தள்ளி மான்கள் வரிசையில் நிற்கும். அவள் புருஷன் ஹோபர்ட் சுரங்கத்தில் லாரி ஓட்டினான், பெரும்பாலும் இரவு ஷிப்ட். முதல் கூட்டத்தை அவர்கள் சர்ச் கூடத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் வைத்தேன். பேச ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. டெல்ஃபா எழுந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிய மூடினான். துணிக்கடைய மூடினான். தபாலாபீசு செவ்வா, வியாழந்தான். இந்த வாஷிங்டன்காரனுங்க நம்ம பக்கம் எட்டிப் பாக்குறதே எதையாவது மூடுறதுக்குத்தான்."

"ஒன் வாய மட்டும் விட்டுட்டானுங்களே," என்றான் ஹோபர்ட் பின்வரிசையிலிருந்து.

"அத மூட ஒங்கப்பன் வரணும், ஒக்காரு."

கூடமே சிரித்தது. நான் மட்டும் எழுதிக்கொண்டேன். மிஸ் டஃபோயா, கவனியுங்கள், அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அந்தக் கோபத்தை நான் உண்டாக்கவில்லை. ஊர் நிறைய அது கேட்பாரற்றுக் கிடந்தது. போய்ச் சேர வேண்டிய இடம் தெரியாமல் கிடந்த அதற்கு நான் விலாசம் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். இந்த மசோதா வந்தால் சுரங்கத்தை மூடுவான், ஹோபர்ட் வேலை போகும், சோதனை என்று வருகிறவன் கடைசியில் வீட்டைக் காலி பண்ணச் சொல்வான் என்றேன். அடுத்த மாதம் ஒன்பது பேருந்துகளில் டாகெட் ஓடை வாஷிங்டனுக்குப் புறப்பட்டது.

பதாகைகள் இருநூறும் நானே இடது கையால் எழுதினேன், அப்போதுதான் வீட்டில் செய்தது போல் இருக்கும். அவற்றில் ஒன்று, "லாபிக்காரனை வாஷிங்டனை விட்டுத் துரத்து". எங்களைத் திட்டாத கூட்டத்தை யாரும் உண்மையான கூட்டமென்று நம்ப மாட்டார்கள். டெல்ஃபா அதைத்தான் தேர்ந்தெடுத்துத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தாள்.

"வாத்தியாரே, இந்த லாபிக்காரன்னா யாரு? பாத்தா அடையாளம் தெரியுமா?"

"நல்ல ஷூ போட்டிருப்பான்."

நான் அன்று கிழிந்த ஷூ போட்டிருந்தேன். அவளோ அன்றைய பொழுது முழுக்க ஊரார் காலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். மதியத்துக்குள் இரண்டு நீதிபதிகளையும், ஒரு பாதிரியாரையும், பல் டாக்டர்கள் மாநாட்டுக்கு வந்த எண்பது பேரையும் திட்டித் தீர்த்துவிட்டாள். பல் டாக்டர்களில் ஒருவர் மன்னிப்பே கேட்டார்.

மசோதாவை ஆராய்ந்த காங்கிரஸ் குழுவின் முன்னால் பேச அவளுக்கு நான்கு நிமிடம் வாங்கிக் கொடுத்திருந்தேன். கதவுக்கு வெளியே நடைபாதையில் காத்திருந்தபோது சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒண்ணு கேக்கணும். சிரிக்காதீங்க. அந்தக் கரை நெசமாவே தாங்கும்ல?"

"தாங்கும்."

"இல்ல, உள்ள போயி வேணாம் வேணாம்னு கத்தப் போறேன். அப்புறம் எதாச்சும் ஆச்சுன்னா பிள்ளைங்க மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

"டெல்ஃபா, என்னைப் பாரு. தாங்கும்."

"வாத்தியார் சொன்னா சரி," என்று முடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

அந்த நான்கு நிமிடம் போல் ஒன்றை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. தபாலாபீசு வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பிரசவ வலியோடு எழுபது மைல் போன மகள் வந்தாள். "எங்கள காப்பாத்துறேன்னு சொல்றவன் ஒருத்தனுக்காவது எங்க ஊரு பேரு தெரியுமா?" என்று முடித்தாள். குழுவில் உட்கார்ந்திருந்த லான்கம் அழுதார். அந்தக் கண்ணீருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அவராகவே அழுதது. மசோதா அந்தக் குழுவைத் தாண்டவே இல்லை. திரும்பும் வழியில் பேருந்து முழுக்கப் பாட்டு. டெல்ஃபா கொண்டுவந்த சோள ரொட்டியை என் மடியில் வைத்து, "சாப்பிடுங்க வாத்தியாரே, வாழ்க்கையில மொத தடவ ஜெயிச்சிருக்கோம்," என்றாள். சாப்பிட்டேன். உட்கார்ந்துதான்.

பதினான்கு மாதம் கழித்து, பிப்ரவரியில், மூன்று நாள் மழைக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்குக் கரை உடைந்தது. சேறு பள்ளத்தாக்கின் அடிவரை வர ஒன்பது நிமிடம் ஆனது என்று பிறகு படித்தேன். இருபத்து மூன்று பேர். ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த ஹோபர்ட் அதில் ஒருவன். டெல்ஃபா மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

சவப்பெட்டிகளைப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் வைத்திருந்தார்கள். நான் போனேன். போகாமல் இருந்தவர்களும் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். டெல்ஃபா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"ஏன் வாத்தியாரே ஒருத்தனும் வந்து பாக்கல? கவர்மெண்டுன்னு ஒண்ணு இருக்குல்ல? ஒருத்தனாவது வந்து பாத்திருக்கலாம்ல?"

"அதத்தான் நாம கேக்கணும்," என்றேன்.

என்ன செய்யலாம் என்று கம்பெனியும் அன்று காலைதான் கேட்டிருந்தது. பழக்கம்தான், வேறென்ன. அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்தவுடனே அது இரண்டாவது ஊர்வலமாக எனக்குத் தெரிந்தது. இம்முறை பேருந்துகள் அறுபது. கூட்டம் நீண்ட நீளத்தில் முன்வரிசை நாடாளுமன்றப் படியேறும்போது பின்வரிசை இன்னும் மேற்கு வர்ஜீனியாவில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்றே சொல்வேன். "எங்களை ஏன் வந்து பார்க்கவில்லை?" இதுதான் பதாகை. சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்தின் தலைவர் பத்தே நாளில் பதவி விலகினார். சோதனைக்கு ஆள் அனுப்பத் தன்னிடம் சட்டமே இல்லை என்று சொல்லிப் பார்த்தார் பாவம். கூச்சலில் யார் காதில் விழும்? அந்த அலுவலகத்தின் சோதனைப் பிரிவையே கலைத்துவிட்டார்கள். இருந்த கொஞ்சநஞ்சச் சோதனையும் போயிற்று. இரண்டு ஊர்வலங்களிலும் சேர்த்து ஒரு பதாகையில்கூடக் கம்பெனியின் பெயர் கிடையாது. தொழில் தெரிந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த உயரத்திலேயே ஓய்வு பெற்றுவிட்டேன்.

இதையெல்லாம் நீங்கள் முகம் மாறாமல் கேட்டீர்கள், நன்றி. கடைசியாக ஒன்று கேட்டீர்கள். "அங்க நூத்தி நாப்பது குடும்பம் இருந்துச்சு, மிஸ்டர் கிராம்ப்டன். அந்தம்மாவ மட்டும் எப்படிப் போய்ப் புடிச்சீங்க?" என்று. கேட்டுவிட்டு ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தீர்கள். நான் அதைக் கண்ணாடி போடாமலே படிப்பேன்.

அது முதல் கூட்டத்துக்கு ஆறு வாரம் முன்பு டெல்ஃபா தன் உறுப்பினர் லான்கமுக்கு எழுதிய கடிதம். "ஐயா, எங்க வீட்டுக்கு மேல இருக்கிற கரையோட அடியில கறுப்பா கசியுது. போன வருஷம் ஒரு கை அகலம் இருந்துச்சு. இப்ப எங்க அடுப்படிக் கதவு அகலம். நானே நூல் புடிச்சு அளந்தேன். ஏதோ சட்டம் வருதுன்னு டிவில சொன்னாங்க. அத எப்பிடியாவது கொண்டாந்து யாரையாவது அனுப்பி ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. வர்றவங்களுக்கு மதியச் சாப்பாடு நான் போடுறேன்."

ஒரு உறுப்பினரின் அலுவலகத்துக்கு வாரம் ஆயிரக்கணக்கில் கடிதம் வரும். படிப்பதற்குக் கல்லூரி முடித்த நான்கு பேர் இருப்பார்கள். நிலக்கரி, கரை, கசிவு என்றெல்லாம் வந்தால் அவர்களுக்கு என்ன தெரியும்? அந்தத் துறையில் விஷயம் தெரிந்த லாபிக்காரனுக்கு அனுப்பி, "ஒரு பதில் எழுதித் தாங்களேன்" என்பார்கள். நாங்கள் எழுதுவோம், உறுப்பினர் கையெழுத்துப் போடுவார். எல்லோரும் செய்வதுதான். லான்கமின் நிலக்கரிக் கடிதங்கள் எனக்கு வந்தன.

அதே வாரம் கம்பெனியின் சொந்தப் பொறியாளர் எழுதிய குறிப்பும் என்னிடம் வந்தது. கரை இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்காது என்று எழுதியிருந்தார். நான் ஒழுங்கானவன், இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தேன். பிறகு டெல்ஃபாவுக்குப் பதில் எழுதினேன்: நிபுணர்கள் நேரில் பார்த்துவிட்டார்கள், அது மலை ஊற்று, கவலை வேண்டாம். எந்த நிபுணரும் பார்க்கவில்லை. நூல் பிடித்துக் கரையை அளக்கிற பெண் ஒருத்தி எதிர்ப்பக்கம் நிற்கக் கூடாது, நம் பக்கம் நிற்க வேண்டும் என்று தோன்றியது. காரை எடுத்துக்கொண்டு போனேன். பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டாள். அடுப்புக்கு மேலே அந்தப் பதிலைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். "பாத்தீங்களா வாத்தியாரே, வாஷிங்டன்லேந்து எனக்கே வந்துச்சு. எல்லாவனும் திருடந்தான், நம்ம லான்கம் ஒருத்தர்தான் மனுசன்." நான் அதைப் படித்துப் பார்த்து, நன்றாக எழுதியிருக்கிறார் என்றேன்.

ஆகவே, ஆம். கரை உடையும் என்று எனக்குத் தெரியும். கீழே யார் தூங்குவார்கள் என்றும் தெரியும். அவர்களில் பாதிப் பேர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். தடுக்கக்கூடிய ஒரே சட்டத்தை, அதைக் கேட்டு எழுதியவளின் வாயாலேயே கொன்றேன். அந்த இருபத்து மூன்று பேரையும் கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வியாழக்கிழமை உங்கள் குழுவின் முன்னால் டெல்ஃபா வருகிறாள் என்றும், அவளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறீர்கள் என்றும் சொன்னீர்கள். சொல்லுங்கள், ஆட்சேபணை இல்லை. இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: அவள் ஆயுள் முழுக்க வாஷிங்டனுக்கு எழுதியதில் அவளுக்குப் பதில் போட்ட ஒரே மனிதன் நான்தான். கேட்டால் சந்தோஷப்படுவாள்.