இரண்டாவது வகைக் கிருமி

காலை எட்டரைக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியபோது, எனக்கு எதிர் இருக்கையில் இருந்த இளம்பெண் தன் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னாள்: "எலி அத்தனையும் செத்துப்போச்சுக்கா."

"வீட்ல மருந்து வெச்சியா?"

"ஐயோ, எங்க லேப் எலிக்கா. மலேரியாவுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கிறோம்ல, அதைப் போட்ட எலிங்க. மொத பேட்ச்சுக்கு ஒரு வகைக் கிருமியைக் குடுத்தோம். எல்லாம் பொழச்சுது. அடுத்த பேட்ச்சுக்கு வேற வகை. ஊசி அதைத் தடுக்கவே இல்ல. அந்த பேட்ச்தான் மொத்தமும் செத்துப்போச்சு."

"பொழச்சதை மட்டும் சொல்லிடேன்."

"எங்க சாரும் அதான் சொன்னார். ஆனா மனுஷங்களுக்கு மட்டும் மலேரியா ஒரே வகையிலயா வருது? நான் ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுதிட்டேன்."

"சார் கோச்சுக்கலையா?"

"ரெண்டு நாளா பேசல. பரவால்ல. ஊசி மருந்தை மாத்தியிருக்கேன். மறுபடி ரெண்டு கிருமிக்கும் பாக்கப்போறேன். புது எலிங்க இன்னிக்கு வருது."

கிண்டி வந்ததும் அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்: "இதுங்களும் செத்துட்டா?"

"அதையும் எழுதுவேன்க்கா."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கி, விறுவிறுவென்று படியேறிப் போனாள்.