சனிக்கிழமை மெயில்

— மொதல்ல மோரைக் குடி ஜெனிதா. வெயில்ல வந்திருக்கறே. சண்டைய அப்பறம் வெச்சுக்கலாம்.

— சண்டை போட வல்லீங்க சார். காலைல பூசை முடிஞ்சதும் காந்திபுரத்துல பஸ் ஏறி, அவிநாசிக்கு உங்க ஊட்டுக்கு நேரா வாரனுங்க. ஒரே ஒரு கேள்விதானுங்க. கருத்தரங்கு அறிவிப்பு வந்தா அன்னைக்கே எல்லாத்துக்கும் மெயில்ல தாட்டிவுட்டா என்னங்க கெட்டுப்போகுது?

— நம்ம குரூப்பு கெட்டுப்போகுது. இந்த மெயில் குரூப்ப நான் எதுக்கு அம்மணி ஆரம்பிச்சேன்? வரலாத்து வாத்தியாருக நாலு பேரு கல்வெட்டு, நடுகல்லுன்னு பேசிக்கறதுக்கு. கருத்தரங்குக்காரங்க நோட்டீஸ் ஒட்டறதுக்கா?

— பேச வேண்டாம்னு நான் சொல்லலீங்களே.

— நான் சொல்றத முழுசாக் கேளு. போன வருசம் காளிச்சாமி வாத்தியாரு பவானிப் பக்கம் ஒரு கல்லப் பாத்துப்போட்டு, எழுத்து புரியல, ஆராவது படிச்சுச் சொல்லுங்கன்னு போட்டோ போட்டாரு. அன்னைக்குன்னு பாத்து குரூப்பு பூரா அழைப்பு. அழைப்பு, திருத்துன அழைப்பு, தேதி நீட்டிச்ச அழைப்பு. அந்த மனுசனுக்கு ஒருத்தராச்சும் பதில் சொல்லோணுமே. குரூப்ப உட்டே போயிட்டாரு.

— அதுக்கோசரம் வாரம் பூரா வர்றத மூட்டை கட்டி வெச்சு, சனிக்கிழமை அவுக்கறதுங்களா?

— ஆமா. ஒரே மெயிலு. வேணுங்கறவங்க படிச்சுக்கட்டும். மத்த நாள் நிம்மதியாப் பேசலாம்.

— வெள்ளிக்கிழமை கடைசித் தேதின்னா, சனிக்கிழமை படிச்சு என்னங்க பண்றது?

— அப்படி எப்பவாச்சும் ஒண்ணு வரும்.

— வந்துபோட்டுதுங்களே சார். மைசூர்ல நடுகல் கருத்தரங்கு. வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுபோச்சு. நேத்துக் காலைல என்ற கட்டுரைச் சுருக்கத்த அனுப்புனனுங்க. உடனே பதில் வந்துது, தேதி முடிஞ்சுதுன்னு.

— அடடா. கூப்பிட்டுக் கேட்டுப் பாத்தியா?

— கேட்டனுங்க. அரை நாள்தானுங்களேன்னு கெஞ்சிக்கூடப் பாத்துட்டனுங்க. விதி எல்லாத்துக்கும் ஒண்ணுதான்னு சொல்லி போனை வெச்சுப்போட்டாங்க.

— செரி, உடு. இன்னொண்ணு வராமயா போயிரும்?

— வருமுங்க. அதுக்குள்ள இன்டர்வியூ முடிஞ்சிருமுங்க. ஒம்பது வருசமா ஒரே காலேஜ்ல கெஸ்ட் லெக்சரருங்க சார். எனக்கப்பறம் வந்தவங்கெல்லாம் வேற பக்கம் பர்மனென்ட் ஆயிட்டாங்க. இப்பத்தான் எங்க டிபார்ட்மென்டுல ஒரு இடம் வந்திருக்குது. வெளிமாநிலத்துல ஒரு கட்டுரையாச்சும் ஏத்துக்கிட்டிருக்கோணும்னு நிர்வாகத்துல சொல்றாங்க. அதுக்குள்ள இருந்தது மைசூர் ஒண்ணுதானுங்க.

— இத நீ எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாமல்லோ.

— சொல்லியிருந்தா விதிய மாத்தியிருப்பீங்களா?

— மாத்தியிருக்க மாட்டேன். மனசுல இருக்கறதச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதே.

— தெரியுமுங்க.

— அறிவிப்புகளத் தொகுக்கறதுக்கு முன்ன சபரீஷ்னு ஒருத்தன வெச்சிருந்தேன். அவன் என்ன பண்ணுனான்? நல்ல அறிவிப்பு வந்தா மொதல்ல அவன், அப்பறம் அவன் சிநேகிதனுக. இடமெல்லாம் நெறைஞ்ச பொறகு நமக்குத் தாட்டிவுடுவான். எத்தன பேரு வயிறெரிஞ்சாங்க தெரியுமா? அதுக்கப்பறம்தான் உக்காந்து விதி எழுதுனேன். எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல போகோணும். ஆருக்கும் முந்தியில்ல, ஆருக்கும் பிந்தியில்ல.

— அது நாயந்தானுங்க. அத நான் ஒண்ணுஞ் சொல்லல. தேதி கிட்டத்துல இருக்கறத மட்டும் அன்னைக்கே எல்லாத்துக்கும் உட்றலாமுங்களே? அதுல முந்தி பிந்தி எங்கீங்க வருது?

— அவசரம்னு ஒரு கதவத் தெறந்தா அப்பறம் எல்லாமே அவசரம்தான். ஏமாத்துக் கருத்தரங்கு நடத்தறவன்தான் நெம்ப அவசரப்படுத்துவான். செவ்வாக்கிழமைகூட ஆரோ ஒரு அம்மணி போன் பண்ணுச்சு. அவசரமா ஒரு அறிவிப்பு வந்திருக்குது, இன்னைக்கே எல்லாத்துக்கும் அனுப்பலாமுங்களான்னு கேட்டுது. நான் தோட்டத்துல மோட்டார் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். பாதி காதுல உழுகல. எதா இருந்தாலும் சனிக்கிழமைதான், விதி எல்லாத்துக்கும் ஒண்ணுதான்னு சொல்லி போனை வெச்சுப்போட்டேன்.

— ஆருன்னு பேரு கேக்கலீங்களா சார்?

— எதுக்குக் கேக்கோணும்? பேரக் கேட்டாத்தான் மனசு எளகும்.

— செரிங்க சார். நான் கெளம்பறனுங்க.

— உக்காரு. ஏங்கண்ணு, கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு?

— எரிச்சலா இருக்குதுங்க. நீங்க சொல்றது ஒவ்வொண்ணும் நாயமாத்தான் இருக்குது. அத்தனை நாயமும் சேந்து என்ற தலைல வந்து உழுந்துபோச்சு. ஆரைத் திட்டறதுன்னே தெரியலீங்க.

— திட்டறதுன்னா நம்ம ரூத் மேடத்தத் திட்டு. இப்பத் தொகுக்கறது அவங்கதான். வெள்ளிக்கிழமை முடியற அறிவிப்பு கைல இருக்குதுன்னா எங்கிட்ட வெவரமாச் சொல்லியிருக்கோணுமல்லோ? மைசூர் கல்லுகளும் நம்ம பெருந்துறைப் பக்கத்துக் கல்லுகளும்னு நீ எழுதுனது எவ்வளவு நல்ல கட்டுரை. இரு, இப்பவே போன் போட்டுக் கேக்கறேன்.

— வேண்டாங்க சார். அவங்க இப்பத் தொகுக்கறதில்லீங்க. மக பிரசவத்துக்குப் பெங்களூரு போனவங்க, வேற ஒருத்தர்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.

— எங்கிட்டச் சொல்லவே இல்ல. ஆருகிட்டக் குடுத்தாங்க?

— எங்கிட்டத்தானுங்க.

— உங்கிட்டயா? அப்ப மைசூர் அறிவிப்பு?

— திங்கக்கிழமையே வந்துபோச்சுங்க.

— செவ்வாக்கிழமை போன் பண்ணுனது?

— நாந்தானுங்க. பேரு சொல்றதுக்குள்ள வெச்சுப்போட்டீங்க.

— அட கிறுக்குப் புள்ளே. என்ற பேச்ச எதுக்குக் கேட்டே? அறிவிப்பு உன்ற கைல இருக்குது. குரூப்புக்குச் சனிக்கிழமை போனா போகுது, உன்றத மட்டும் அன்னைக்கே அனுப்பியிருந்தா ஆரு உன்னக் கேக்கப்போறா?

— தொகுக்கறவங்களும் இதுல அடக்கம்னு விதியோட கடைசி வரில நீங்கதானுங்க எழுதியிருக்கீங்க.

— அதுக்காகக் கைல வெச்சுக்கிட்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணும் பண்ணாமச் சும்மா இருந்தியா?

— சும்மா இல்லீங்க சார். செவ்வாக்கிழமையே சுருக்கத்த எழுதி முடிச்சு, மைசூர் முகவரியெல்லாம் போட்டு வெச்சிருந்தனுங்க. சனிக்கிழமை விடிஞ்சதும் எல்லாத்துக்கும் அறிவிப்பத் தாட்டிவுட்டுப்போட்டு, ஒருத்தராச்சும் படிச்சிருப்பாங்கங்கற வரைக்கும் பொறுத்திருந்துதான் என்றத அனுப்புனேன்.